முந்நூறு அட்டை

“...கையெழுத்து போடறதுக்கு இன்னாமா பயம்? எத்தினி கிரயப் பத்திரத்துல போட்ட கை இது. அந்த ஒரு வரி தாம்மா... அது தான் தொண்டைல முள்ளு மாதிரி மாட்டிக்கினு கீது...”

வேப்பம்பட்டில் ஏறி உட்கார்ந்த ஜம்புலிங்கம், வண்டி திருநின்றவூரைத் தொடுவதற்குள் எதிர் சீட்டுப் பெண்ணிடம் இதையே மூன்று தரம் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. முதல் தரம் சொன்னபோது, வயதுக்கு மரியாதையாக, காதில் மாட்டியிருந்த ஒயரில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினாள். மூன்றாவது தரத்தில் மறுபக்கமும் தானாகக் கழன்றது. அவள் கழுத்தில் தொங்கிய கார்டைத் தலை சாய்த்துப் படித்து, ஷர்மிளா என்று பேரையும், ஏதோ இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை என்பதையும் அவரே தெரிந்துகொண்டார். இங்கிலீஷ் படித்த பிள்ளை. அவருக்கு வேண்டியது அதுதான்.

ஜம்புலிங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. வேப்பம்பட்டில் நாலு தலைமுறையாக வேர்க்கடலை போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, கடைசி மனையை விற்ற காசில் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப் வைத்தார். கடை அவருடையது. லைசென்ஸ் மட்டும் ஃபார்மஸி படித்த மருமகள் கிருஷ்ணப்பிரியா பேரில். ஆறு வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். இன்று அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் ஐகோர்ட்டுக்குப் போக வேண்டிய ஒரு வாக்குமூலம். தம்பு செட்டித் தெருவில் இருக்கும் வக்கீல் ஆபீஸுக்குப் பதினோரு மணிக்குள் போய் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

வண்டி நெமிலிச்சேரியில் வெகுநேரம் நின்றது. அதில் ரயில்வேக்குக் கொஞ்சம் திட்டு விழுந்தது. அங்கேயிருந்து பேச்சு ரோட்டுக்குப் போனது, ரோட்டிலிருந்து தண்ணீர் லாரிக்குப் போனது, லாரியிலிருந்து எப்படியோ வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கம்பெனி பேரை அவர் சொல்லவே மாட்டார். சொன்னால் அதற்கும் கேஸ் போடுவான் என்று கொஞ்ச நாளாக ஒரு பயம்.

விஷயம் ஒரு மாத்திரை. இருதயம் பலம் குறைந்து, காலில் நீர் கோத்துக்கொண்டு, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறவர்களுக்கான மாத்திரை. வெளிநாட்டுக் கம்பெனி வருடக்கணக்கில் விற்றுவந்தது. இந்த வருடம் பங்குனி கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஒரு கம்பெனி, அதே மருந்தை ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவந்தது. வெளிநாட்டுக்காரன் கோர்ட்டுக்குப் போனான். பேட்டண்ட் எங்களுடையது என்றான்.

“பேட்டண்ட்டுன்னா இன்னா தெரிமாம்மா? பட்டா. அவ்ளோ தான். மருந்து கண்டுபுட்ச்சவனுக்கு இருபது வருசத்துக்கு பட்டா போட்டு குட்த்துடறாங்கோ. அதுவரைக்கும் வேற எவனும் உள்ள கால் வைக்கக் கூடாது. நாயம் தான். அவன் செலவு பண்ணி கண்டுபுட்ச்சான், அவன் அறுத்துக்கட்டும். இருபது வருசம் முட்ஞ்சா அது ஊர் நெலம். எவன் வோணா பயிர் வைக்கலாம். ஆனா இவன் இன்னா பண்ணிக்கிறான்... நடுவுலயே அந்த நெலத்த சுத்தி ஒரு வேலிய போட்டு, அந்த வேலிக்கு தனியா ஒரு பட்டா வாங்கி வச்சிக்கினு கீறான். நெலத்துக்கு கெடு முட்ஞ்சிச்சு. வேலிக்கு இன்னும் எட்டு வருசம் கீதாம். நெலம் உங்களுது தான், வாங்க, உழுங்க, ஆனா வேலிய தாண்டாம வாங்கன்றான். பறந்தா போக முடியும்?”

ஷர்மிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு நேரத்தில் அவள் காட்டிய முதல் அசைவு அதுதான். ஜம்புலிங்கம் அதை ‘மேலே சொல்லுங்கள்’ என்று எடுத்துக்கொண்டு காலை மடித்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னது ஏறக்குறைய சரி. மருந்தின் மீதிருந்த முதல் பேட்டண்ட் முடிந்துவிட்டது. மருந்தை எந்த வடிவத்தில் மாத்திரையாக்குவது என்பதற்கு இரண்டாவதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். அது புதிதாகக் கண்டுபிடித்ததே இல்லை, பழைய சமாசாரம் என்பது அம்பத்தூர் கம்பெனியின் வாதம். எது சரி என்று கோர்ட் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அதுவரைக்கும் அம்பத்தூர் மாத்திரையை யாரும் விற்கக் கூடாது என்று ஒன்றரை மாதத்துக்கு முன் இடைக்காலத் தடை வந்துவிட்டது. ஸ்டாக்கிஸ்ட் ஆள் அனுப்பிக் கடையில் இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு போனார்.

பட்டாபிராம் தாண்டியதும் பேச்சு பரந்தாமனிடம் வந்தது. அங்கே வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது.

பரந்தாமன் அவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி. எதிர் எதிர் தெரு. ஆவடியில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருடம் நின்று வேலை செய்த மனுஷன். மூன்று வருடத்துக்கு முன் இருதயம் வீங்கிவிட்டது என்றார்கள். வேப்பம்பட்டு ஸ்டேஷன் மேம்பாலத்தில் மூன்று படிக்கு ஒரு தரம் நின்று, போஸ்டர் படிக்கிறவர் மாதிரி பாவனை காட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார். அம்பத்தூர் மாத்திரை வந்து மூன்றாம் வாரம், ஒரே மூச்சில் மேலே ஏறிப் போய் அங்கேயிருந்து ஜம்புலிங்கத்துக்கு போன் போட்டு, கீழே எட்டிப் பார் என்றாராம். இப்போது தடை வந்தபிறகு வெளிநாட்டுக் கம்பெனி மாத்திரை தான் கதி. அந்த விலைக்கு, ஒரு நாளைக்கு இரண்டு போட வேண்டியதை ஒன்றாகக் குறைத்துவிட்டார். நான் வாங்கித் தருகிறேன் என்று ஜம்புலிங்கம் சொன்னதற்கு, மாத்திரைக்கு ஒருத்தன்கிட்டே கை நீட்ட மாட்டேன் என்றுவிட்டார். பத்து நாளாகக் கால் செருப்புக்குள் நுழையவில்லை.

“டெய்லி சாய்ந்தரம் போயி பாக்கறேம்மா. கால காட்டுவான். நானு செவுத்த பாத்துக்கினு குந்திருப்பேன்.”

ஏன் சுவரைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லாமல், பேச்சை மருமகள் மேல் திருப்பினார். கிருஷ்ணப்பிரியா கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்கு எல்லாம் கணக்காக இருக்க வேண்டும். மாத்திரை டப்பாவில் மாமனார் கை படக் கூடாது. இந்த வாக்குமூலத்தைப் படித்துச் சொல்லும்போது ஆறாவது பத்தியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள். சிரிப்பை அடக்கத்தான் தண்ணீர் குடித்தாள் என்பது அவருக்குத் தெரியும். அவள் படித்ததில் ஏதாவது தப்பு இருக்குமோ, அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு வேறு ஏதாவது கௌரவமான அர்த்தம் இருக்குமோ என்ற நப்பாசையில்தான் இந்தப் பெண்ணிடம் இவ்வளவு பேச்சும்.

ஆனால் காகிதத்தை நீட்டுவதற்கு முன் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆவடியில் கூட்டம் ஏறி இறங்கி அடங்கியதும் அதை ஆரம்பித்தார்.

சித்திரை மாதம், மத்தியானம். மருமகள் சாப்பிடப் போயிருந்தாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் வந்தார். டாக்டர் சீட்டு வைத்திருந்தார். அந்த மாத்திரையில் ஒரு அட்டை வேண்டும் என்றார், பில்லும் கேட்டார். வெயிலாக இருக்கிறதே என்று ஜம்புலிங்கம் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கோலி சோடாவும் வாங்கிக் கொடுத்தார்.

“ரொம்ப அமைதியான ஆளும்மா. உன்ன மாதிரியே வச்சுக்கோயேன். நான் பேச பேச அப்டியே கேட்டுக்கினே குந்திருந்தான். அண்ணே, இந்த மாத்திர நல்லா போவுதாண்ணேன்னான். நானும்... ஏதோ ஒரு நம்பர் சொன்னேன். போவுதுப்பான்னேன். அப்பால, உங்கள மாதிரி பெரியவங்கள பாத்ததுல சந்தோசம், ஒரு போட்டோ எடுத்துக்கலாமான்னான். எடுத்துக்கோன்னேன்.”

மூன்று வாரம் கழித்து அது எல்லாம் கோர்ட்டில் இருந்தது. அந்த ஆள் வெளிநாட்டுக் கம்பெனி வக்கீல்கள் அனுப்பிய ஆள். கடை பில் ஒரு ஆதாரம். கடை போர்டுக்குக் கீழே மாத்திரை அட்டையை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஜம்புலிங்கம் சிரிக்கும் போட்டோ இன்னொரு ஆதாரம். போட்டோ நன்றாக வந்திருந்ததாக வக்கீல் ஆபீஸில் சொன்னார்கள்.

அண்ணனூர் போனது. ஷர்மிளா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் ஜம்புலிங்கம் ஃபைலைத் திறந்து, இருந்த மூன்று தாளில் மேலே இருந்த இரண்டை மட்டும் எடுத்து அவளிடம் கொடுத்தார். மூன்றாவதை ஃபைலுக்குள்ளேயே தள்ளி பட்டனைப் போட்டுவிட்டார். ஆறாவது பத்தியைப் பார்த்து, அதில் இருக்கும் வார்த்தைக்குப் பதிலாக மரியாதையாக வேறு ஒரு வார்த்தை இருந்தால் பென்சிலால் எழுதித் தரச் சொன்னார்.

அவள் படித்தாள். ஆறாவது பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும், முதல் வரியில்தான் அந்த வார்த்தை: நான் இயல்பிலேயே அதிகம் பேசுகிறவன். வாடிக்கையாளர்களிடம் என் வியாபாரத்தைப் பெரிதாக்கிச் சொல்வது என் வழக்கம். மாதம் முந்நூறு அட்டை விற்கிறேன் என்றும், திருவள்ளூர் மாவட்டம் முழுவதும் என் கடையிலிருந்துதான் போகிறது என்றும் அந்த நபரிடம் நான் சொன்னது உண்மை அல்ல. நான் விற்றது மொத்தம் பன்னிரண்டு அட்டை.

ஒரு ஸ்டேஷன் ரோட்டுக் கடையிலேயே முந்நூறு என்றால் தமிழ்நாடு முழுக்க எவ்வளவு என்று கேட்டுத்தான் வெளிநாட்டுக் கம்பெனி அவசரமாகத் தடை வாங்கியிருந்தது. அம்பத்தூர் கம்பெனியின் வக்கீல்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். மாவட்டம் முழுக்க அவர்கள் அனுப்பியதே இருநூறு அட்டைதான். இருநூறில் இவர் எப்படி முந்நூறு விற்றார் என்று தெரிந்துகொள்ளத்தான் ஜூனியர் வக்கீல் லாவண்யா வேப்பம்பட்டுக்கு போன் செய்தாள்.

ஷர்மிளா பென்சில் எடுக்கவில்லை. தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி ஏறியதிலிருந்து முதன்முறையாக ஒன்று கேட்டாள்.

“ஏன் சார் முந்நூறுன்னு சொன்னீங்க?”

இந்தக் கேள்வியை வக்கீல் கேட்கவில்லை. மருமகள் கேட்கவில்லை. மகன் வினோத்தும் தலையில் அடித்துக்கொண்டானே தவிர கேட்கவில்லை. ஜம்புலிங்கம் ஃபைல் பட்டனைத் திறந்து மூடினார். திருமுல்லைவாயில் வந்து போனது. அம்பத்தூரில் வண்டி நின்று கிளம்பியபிறகுதான் பதில் வந்தது.

“கடைக்கு வர்றவன் எவனா இருந்தாலும், மொதோ கேக்கறது... டாக்டரம்மா இல்லியான்னு. மருமவள தான். நானு குந்திகினு கீறேன், குத்துக்கல்லாட்டம். இல்லப்பா, சாப்ட போய்க்கீதுன்னா, சரி அப்பால வர்றேன்னு போய்டுவான். ஆறு வருசம்மா. அந்தாளு ஒருத்தன் தான் வந்து, அண்ணே வியாபாரம் எப்டி போவுதுன்னு என்னியே கேட்டான். அவன் கண்ண பாத்து பன்னெண்டுன்னு சொல்ல வாய் வர்ல.”

தாழ்ந்த குரலில், “பரந்தாமன் காலுக்கு நான் தான் காரணம். அவன்ட்ட இன்னும் சொல்லல” என்றார்.

கொரட்டூர் வந்தது, போனது. பிறகு அவருக்குப் பழைய வேகம் திரும்பிவிட்டது. போட்டோ எடுக்கிறவனை நம்பக் கூடாது என்பதில் ஆரம்பித்து, கோர்ட்டில் ஏன் தமிழில் எழுதுவதில்லை என்பதற்குப் போய், அதற்கு நடுவில் இருந்தபோது வில்லிவாக்கம் வந்தது. ஷர்மிளா எழுந்தாள். தாள்களை நேராக அடுக்கி அவர் கையில் கொடுத்து, தலையை லேசாக அசைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். காலியான சீட்டைப் பார்த்து ஜம்புலிங்கம் அரை வாக்கியம் பேசி, அப்புறம்தான் நிறுத்தினார். தாளைப் பார்த்தார். பென்சில் அடையாளம் எங்கேயும் இல்லை. பெரம்பூரில் ஏறிய ஒரு பெரியவர் எதிரே வந்து உட்கார்ந்து, சார் எதுவரைக்கும் என்று கேட்டார். பீச் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். இது அவரே எதிர்பார்க்காதது.

வக்கீல் ஆபீஸ் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கியபோது பரந்தாமன் ஞாபகம் வந்தது. நல்ல இருதயத்துக்கே இப்படி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

லாவண்யாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மேஜையில் இடமில்லாமல் கேஸ் கட்டுகள். அவரை உட்காரவைத்து, வாக்குமூலத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டபிறகு மாற்ற முடியாது என்றாள். கடையின் கம்ப்யூட்டர் பில் பட்டியல் கொண்டுவந்தீர்களா என்றும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத்தான் வழி முழுக்க அவர் பயந்திருந்தார். ஃபைல் பட்டனைத் திறந்து மூன்றாவது தாளை எடுத்தார். மேஜையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

“மாத்தணும் மேடம்.”

ஆறாவது பத்தியா என்று அவள் சலிப்போடு கேட்டாள். மூன்று நாளாக போனில் அவளோடு அந்த வார்த்தைக்காக மல்லுக்கட்டியிருக்கிறார்.

“அந்த வார்த்த இருக்கட்டும். நம்பர் தான். பன்னெண்டு இல்ல மேடம். ஒம்போது.”

லாவண்யா தாளை வாங்கிப் பார்த்தாள். கிருஷ்ணப்பிரியா அச்செடுத்துக் கொடுத்த பட்டியலில் ஒன்பதுதான் இருந்தது. போனில் பன்னிரண்டு என்றீர்களே என்றாள். ஒன்பது என்றால் ரொம்பக் கம்மியாக இருக்கிறதே என்று அந்த நேரத்தில் தோன்றியதாக அவர் ஒப்புக்கொண்டார். அவளுடைய சீனியர் வக்கீல் பார்த்தசாரதி பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு லாவண்யா சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறாவது பத்திக்கு இனி வேறு சாட்சியே தேவையில்லை சார் என்றாள். பன்னிரண்டை மாற்றி ஒன்பது என்று அச்செடுத்துக் கொண்டுவந்ததில் அவர் ஒவ்வொரு பக்கமும் கையெழுத்துப் போட்டார். ஆறாவது பத்தி வந்தபோது, அந்த வரியை ஒரு தரம் விரலால் தடவிவிட்டுப் போட்டார்.

இரண்டு வாரத்தில் கோர்ட்டில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேலிப் பட்டா செல்லுமா செல்லாதா என்பது கேஸ் முடியும்போதுதான் தெரியும். ஆனால் சந்தை முழுக்கக் கொட்டிவிட்டார்கள் என்பது பொய் என்றானபிறகு, அவசரத் தடைக்குக் காரணம் இல்லை, தீர்ப்பு வரும்வரை அம்பத்தூர் கம்பெனி விற்கலாம், விற்றதற்கெல்லாம் கணக்கு மட்டும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆறாவது பத்தியைப் படித்தபோது நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்று லாவண்யா போனில் சொன்னாள்.

சமாசாரம் எப்படியோ ஸ்டேஷன் ரோட்டுக்கும் வந்துவிட்டது. கடையில் ஒருத்தர் டாக்டரம்மா இல்லையா என்று கேட்டபோது, உள்ளே டப்பா அடுக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணப்பிரியா, “மாமாவையே கேளுங்க. எது வேணா கேளுங்க, எத்தனைன்னு மட்டும் கேக்காதீங்க” என்று குரல் கொடுத்தாள். வந்தவர் சிரித்துக்கொண்டே நின்று, ஜம்புலிங்கத்திடமே சீட்டை நீட்டினார். ஜம்புலிங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாங்கினார். ஆனால் வாங்கினார்.

மாத்திரை வந்த அன்று சாயந்திரம், நாலு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பரந்தாமன் வீட்டுக்குப் போனார். பரந்தாமன் வாசலில் நாற்காலி போட்டு, வீங்கிய காலை ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் தூக்கி வைத்திருந்தார். அட்டையை வாங்கி, அதற்கான காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, உடனே ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். ஜம்புலிங்கம் சுவரைப் பார்க்கவில்லை. ஹெல்மெட் ஆள் வந்தது, சோடா வாங்கிக் கொடுத்தது, போட்டோ, முந்நூறு, மாவட்டம், பன்னிரண்டு, ஒன்பது என்று ஒன்று விடாமல் சொன்னார். இரண்டு மாதம் உன்னைக் கஷ்டப்படுத்தியது கம்பெனிக்காரன் இல்லை, என் வாய்தான் என்றார். சொல்லி முடித்துவிட்டு, திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பரந்தாமன் விரல்களை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஒம்போதுல நாலு நான் வாங்கனது” என்றார்.

ஆமாம் என்றார் ஜம்புலிங்கம்.

“ஒண்ணு அந்த ஹெல்மெட்காரன்.”

அதுவும் சரிதான்.

“மீதி நாலு?”

நாலு பேர் என்று சொல்ல ஜம்புலிங்கத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“கன்னியம்மா. பால் பூத்துல கீதே, அது வாங்குச்சு.”

பரந்தாமன் காலைப் பக்கெட்டிலிருந்து மெதுவாக இறக்கி, நாற்காலியில் முன்னால் வந்து உட்கார்ந்தார். நண்பனின் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“அப்ப திருவள்ளூர் மாவட்டம்னு நீ சொன்னது... நானும் கன்னியம்மாவுமாடா?”